மு. சாத்தையா, சுயேச்சை

மூலைக்கரைக்காரர்கள் பிள்ளைக்குப் பெயர் வைக்க மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் சாத்தையா. உப்பாற்றுக்கு அந்தக் கரையிலும் இந்தக் கரையிலுமாகப் பன்னிரண்டு ஊர்களுக்குக் கூரிச்சாத்தையாதான் குலசாமி. மூத்தவனுக்கு அந்தப் பெயரை வைக்காவிட்டால் சாமிக்குக் கோபம் வரும். வைத்தால் தபால்காரருக்குக் கோபம் வரும். தபால்காரரைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சாமி பக்கமே இருந்துவிட்டார்கள்.

அப்படிப் பெயர் வாங்கியவர்களில் இரண்டு பேர் மு. சாத்தையா. ஒருவர் முத்திருளன் மகன், உப்பாற்றூர் தொகுதியின் எம்.எல்.ஏ. இன்னொருவர் முனியாண்டி மகன், மூலைக்கரையில் கரிமூட்டம் போடுகிறவர். எம்.எல்.ஏ.வை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதனால் இங்கே சாத்தையா என்று சொன்னால் கரிமூட்டத்துச் சாத்தையாதான்.

எம்.எல்.ஏ. ஆகாயத்திலிருந்து குதித்தவர் இல்லை. உப்பாற்றூர் கரி மண்டியில் தராசடியில் நின்று எடை எழுதிக்கொண்டிருந்தவர். கரிச்சாக்கு இறக்க வந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, மனுவோடு தாலுகா ஆபீசுக்கும் கூடப் போய்ப் போய்த்தான் அரசியலுக்கு வந்தார். முதல் தேர்தலில் நாலாயிரம் ஓட்டில் தோற்றார். தோற்ற மறுவாரமே வீடு வீடாகப் போய், ஓட்டுப் போட்டவனுக்கும் போடாதவனுக்கும் சேர்த்துக் கும்பிடு போட்டுவிட்டு வந்தார். அந்தக் கும்பிடுதான் அடுத்த தேர்தலில் அவரை ஆறாயிரம் ஓட்டில் ஜெயிக்க வைத்தது என்பார்கள். மூன்றாவது தேர்தலில் மாநிலம் முழுக்க எதிர்க்காற்று, ஒன்பதாயிரத்தில் தோற்றார். மறுபடியும் வீடு வீடாகக் கும்பிடு. நான்காவதில் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஜெயித்தார். இப்போது ஐந்தாவது.

இதில் இரண்டாவது தேர்தலிலிருந்து நம் சாத்தையாவும் கூடவே நிற்கிறார். எம்.எல்.ஏ.வின் ஓட்டைப் பிரிக்க, அதே பெயரில் அதே முன்னெழுத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று எதிர்த்தரப்பார் தேடியபோது அகப்பட்டவர் இவர். முதல் தடவை வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து காரில் கூட்டிப்போனார்கள். அதுவரை சாத்தையா காரில் ஏறியதில்லை. எண்ணூற்று நாற்பத்து மூன்று ஓட்டு விழுந்தது. அடுத்த தடவை ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு. அதற்கடுத்து, இஸ்திரிப்பெட்டி சின்னம் கிடைத்த வருஷம், ஆயிரத்து முந்நூற்று எழுபத்தாறு. அத்தனையும் கண் தெரியாதவர்களும் அவசரக்காரர்களும் பெயரைப் பார்த்து ஏமாந்து போட்டவை. சாத்தையாவுக்கே அது தெரியும்.

அவருக்கு மட்டும் தெரிந்த இன்னொன்றும் உண்டு. மூன்று தேர்தலிலும் அவர் தன் ஓட்டைத் தனக்குப் போட்டதில்லை. எம்.எல்.ஏ.வின் சின்னத்தில்தான் போட்டார். சட்டசபையில் மு. சாத்தையா என்று பெயர் வாசிக்கும்போது, கரி படிந்த தன் பெயரையே வெள்ளை வேட்டி கட்டி யாரோ உட்கார வைத்தது போல் அவருக்கு ஒரு சந்தோஷம். பெண்டாட்டி இருளாயியிடம்கூட இதைச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பாள்.

அந்தச் சித்திரையில், வேட்பு மனு வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள், எம்.எல்.ஏ.வே மூட்டக்காட்டுக்கு வந்துவிட்டார். பின்னால் ஒன்றியச் செயலாளர் தவசி, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

சாத்தையா மூட்டத்தின் உச்சியில் நின்று சேறு பூசிக்கொண்டிருந்தார். ஐந்து வீட்டு ஆட்கள் ஒரு மாதம் கருவேல் வெட்டி, தூரைத் தோண்டி எடுத்து, நட்டுக்குத்தாக அடுக்கி, பச்சைத் தழை போட்டு, மேலே சேற்றால் மெழுகிய மூட்டம். தீ வைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அடியில் காற்றுப்போக்குக்கு விட்டிருந்த கண்களிலிருந்து வெள்ளைப் புகை தடிமனாக வந்துகொண்டிருந்தது. வெள்ளைப் புகை என்றால் உள்ளே விறகு வியர்க்கிறது. அது மெலிந்து நீலமானால் கரியாகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு இன்னும் மூன்று நாலு நாள் வேண்டும். அதுவரைக்கும் எங்கே கீறல் விட்டாலும் அந்த நிமிஷமே அடைக்க வேண்டும். காற்றுப் புகுந்தால் கரி சாம்பல்.

"ஏய் சாத்தையா, எறங்கு கீழ" என்றார் எம்.எல்.ஏ.

சாத்தையா இறங்கி, சேற்றுக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "வாங்கய்யா. சொல்லிவிட்டிருந்தா நானே வந்துருப்பேனே."

"சொல்லிவிட்டா வருவ, மூணு தடவ வந்த லச்சணந்தான் தெரியுமே. நீ எனக்கு எம்புட்டு ஓட்டத் தின்னுருக்கேன்னு தெரியுமாய்யா ஒனக்கு?"

"நானா கேட்டுத் திங்கிறேன்? அதா வந்து எலையில விழுகுதுங்கய்யா."

பக்கத்தில் சேறு குழைத்துக்கொண்டிருந்த பூவலிங்கம் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அவர் சாத்தையாவின் மைத்துனர், மூட்டத்தில் பங்காளி. கருவை முள் ஏறிச் சீழ் பிடித்த காலில் துணி சுற்றியிருந்தார்.

எம்.எல்.ஏ.வுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. "இந்தத் தடவ வெளையாட்டு இல்ல. காத்து ரெண்டு பக்கமும் சமமா அடிக்குது. ஐநூறு ஆயிரத்துலதான் முடியும். நீ நின்னா நான் போச்சு. நாளைக்கு மூணு மணிக்குள்ள வாபஸ் வாங்கு. நான் ஒன்னைய வெரட்டல, கேக்குறேன்."

இருளாயி தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். பேச்சில் அவளுக்கு முன்கதவு பின்கதவு கிடையாது. "வாபஸ் வாங்குனா மண்டிக்காரவுக சும்மா விடுவாகளா? அவுகதான நிக்கச் சொன்னது. நாளைக்கே ஒங்க கரி வேணாம்னா, நாங்க கரியக் கொண்டு போயி ஆத்துலயா கொட்டுறது?"

"மண்டிக்காரன்ட்ட நான் பேசுறேன். அவனுக்குக் கட்சி பகல்ல மட்டுந்தான். கரி அவனுக்கும் வேணும்." எம்.எல்.ஏ. அவளைப் பார்த்தார். "ஏம்மா, ஒங்க ஊருக்கு நான் ஒண்ணுமே செய்யலையா? அஞ்சு மைல் ஆத்துக்குள்ள நடந்து சித்தாங்குடிக்குப் போயி ஓட்டுப் போட்டுக்கிட்டு இருந்தீக. இன்னைக்கு ஒங்க பள்ளிக்கூடத்துலயே பூத்து. டெல்லி வரைக்கும் எழுதி வாங்குனேன்."

"கேட்டது பஸ்ஸு. வந்தது பூத்து. அஞ்சு வருசத்துக்கு ஒரு நா அதுல ஏறி எங்க போறது?"

"இருளாயி" என்று அதட்டினார் சாத்தையா. ஆனாலும் எம்.எல்.ஏ. அங்கே நின்று இப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்கு என்னவோ செய்தது. தன்னிடம் ஒருவர் கேட்க வருவது என்பது அவர் வாழ்க்கையில் நடந்ததில்லை. எப்போதும் சொல்லத்தான் வருவார்கள். "வாங்கிர்றேன்யா. ஆனா நாளைக்கு நாலாம் நா. உச்சி அமுங்குற நா. நான் இல்லாம முடியாது. வெள்ளனாக் கூட்டிட்டுப் போயி வெயிலுக்கு முந்தி கொண்டாந்து விட்டுருவீகளா?"

"தவசி, காலைல ஏழு மணிக்குக் காரு இங்க நிக்கணும். பதினோரு மணிக்கு இவரு இங்க நிக்கணும்."

"நிக்கும்ணே" என்றார் தவசி துண்டுக்குள்ளிருந்து.

மறுநாள் வியாழக்கிழமை. ஏழு மணிக்குக் கார் வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை. சாத்தையா குளித்து, முதல் தேர்தலில் கிடைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கூழ் குடித்துவிட்டு மூட்டத்துக்கும் ஆற்றங்கரைக்குமாக நடந்துகொண்டிருந்தார். தவசிக்குக் காலையில் இரண்டு கல்யாண வீடு, ஒரு பஞ்சாயத்து. கார் வந்தபோது மணி பதினொன்றரை.

"இனிமே போயி எப்ப வர்றது? மேக்கருந்து காத்து திரும்புற நேரம்" என்றாள் இருளாயி.

"போயிட்டு ஒரு கையெழுத்துத்தான். உச்சியப் பாத்துக்க. அமுங்குனா தழையப் போட்டு மேல சேத்த அப்பு. பூவலிங்கம், வடக்க ரெண்டு கண்ணையும் அடைச்சிரு."

"நான் எங்கிட்டுக் கூடி மச்சான் ஏற? கால ஊண முடியல" என்றார் பூவலிங்கம்.

"வந்துருவேன்யா" என்று சொல்லிக்கொண்டே சாத்தையா காரில் ஏறினார்.

தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் இறங்கியபோது மணி பன்னிரண்டே முக்கால். வாபஸ் படிவத்தைத் தப்பில்லாமல் நிரப்ப வேண்டும் என்று வக்கீலுக்குச் சொல்லியிருந்தார்கள். வக்கீல் சாப்பிடப் போயிருந்தார். தவசி சாத்தையாவுக்கும் ஒரு பிரியாணிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். சாத்தையா பிரிக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு மேற்கே வேப்பங்கிளைகள் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று திரும்பிவிட்டது.

வக்கீல் ஒன்றே முக்காலுக்கு வந்தார். படிவத்தை எழுதி, "கையெழுத்துப் போடுங்க, போவோம்" என்று பேனாவை நீட்டினார்.

சாத்தையா பேனாவை வாங்கும்போது தவசி பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க இருங்க. மணி என்ன? ஒண்ணரைக்கே ராகுகாலம் பொறந்துருச்சு. மூணு மணி வரைக்கும் ராகுகாலம்."

"வாபஸ் வாங்குறதுக்கு என்னய்யா ராகுகாலம்?" என்றார் வக்கீல்.

"யாரு வாபஸ் வாங்குறான்னு படிங்க. 'மு. சாத்தையா ஆகிய நான் இந்தத் தேர்தலிலிருந்து விலகிக்கொள்கிறேன்'. எங்க அண்ணன் பேருல்ல அது! அண்ணன் பேருல இப்படி ஒரு காயிதம் ராகுகாலத்துல கையெழுத்தாகலாமா? வெளங்குமா?"

வக்கீல் சாத்தையாவைப் பார்த்தார். சாத்தையா, "அது எம் பேருங்க" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

தவசி எம்.எல்.ஏ.வுக்குப் போன் போட்டார். பிரசார வேனில் இருந்தவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ராகுகாலம் கழியட்டும்" என்று சொல்லிவிட்டாராம். இரண்டாவது தேர்தலில் மனுத்தாக்கல் செய்யும்போது அப்படிக் காத்திருந்துதான் அவர் ஜெயித்தார். மூன்றாவதில் காத்திராமல் தோற்றார். இதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? மூன்று மணி வரை ராகுகாலம், மூன்று மணி வரை வாபஸ். மூன்றடிக்கும்போது உள்ளே நுழைந்தால் இரண்டுக்கும் சரியாக இருக்கும் என்று தவசி கணக்குப் போட்டார். அவர் கைக்கடிகாரத்தில் அந்தக் கணக்கு சரியாகத்தான் வந்தது. தேர்தல் அதிகாரியின் சுவர்க்கடிகாரம் இரண்டு நிமிஷம் முன்னால் ஓடியது.

"டைம் முடிஞ்சிருச்சு" என்றார் அதிகாரி, பேனாவை மூடிக்கொண்டே.

"வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தோம் சார். காலைல இருந்து."

"வாசல்ல நின்னா? உள்ள வரக்கூடாதுன்னு யாரு தடுத்தா?"

ராகு தடுத்தது என்று தவசி எப்படிச் சொல்வார்? திரும்பிச் சாத்தையாவின் மேல் பாய்ந்தார். "எல்லாம் ஒன்னாலதான்யா. மூட்டம் மூட்டம்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்துருந்தா காரியம் எப்படி வெளங்கும்?" காரில் ஏறிப் போய்விட்டார். அதிகாரி சாத்தையாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சின்னப் பட்டியலைக் காட்டி, எது வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். அன்றைக்கு அவரிடம் மரியாதையாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். சாத்தையா பட்டியலைப் பார்க்காமலே, "பழைய இஸ்திரிப்பெட்டியே இருக்கட்டும்" என்றார்.

பஸ்ஸில் வந்து சித்தாங்குடியில் இறங்கி, காய்ந்த ஆற்று மணலில் நடந்தார். பாதி ஆறு தாண்டியதும் தலையைத் தூக்கி ஊர்ப்பக்கம் பார்த்தார். மூட்டக்காட்டுக்கு மேல் புகையே இல்லை. புகை நின்றால் மூட்டம் வெந்துவிட்டது, இல்லாவிட்டால் செத்துவிட்டது. நாலாம் நாளில் எந்த மூட்டமும் வேகாது. அவர் நடையை வேகமாக்கவில்லை. இனி வேகமாகப் போய் என்ன?

உச்சி அமுங்கி ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. உள்ளே நெருப்பு வெளிச்சமாக, சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் காலிக் குடங்கள் கிடந்தன. பூவலிங்கம் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணியெல்லாம் ரத்தம், ஏறிப் பார்த்திருக்கிறார். இருளாயியின் இரண்டு கையும் முழங்கை வரை சேறு. முடி முன்பக்கம் பொசுங்கியிருந்தது.

"ரெண்டு மணிக்கு அமுங்குச்சு. ஊருணியில தண்ணி இல்ல, சேத்துக்கு எங்க போறது? அஞ்சு வீட்டுப் பொம்பளைகளும் குடிதண்ணியெல்லாம் கொண்டாந்து ஊத்துனாளுக" என்றாள். அப்புறம், "வாபஸ் வாங்கியாச்சா?" என்று கேட்டாள்.

சாத்தையா இல்லை என்று தலையாட்டினார். ஏன் என்று அவள் கேட்டதற்குச் சொன்னார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, பூவலிங்கத்தின் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, பொசுங்கிய முடியை முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் திட்டியிருந்தால் சாத்தையாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐந்து வீட்டிலும் அந்த மாதம் கூலிக்கு முள் வெட்டப் போனார்கள். மூட்டத்துக்கு நட்டம் பேச யாரும் சாத்தையாவிடம் வரவில்லை. ஆனால் பத்து நாள் கழித்து எம்.எல்.ஏ.வின் பிரசார வேன் ஆற்றுமணலில் உருண்டு கரையேறி வந்தபோது, வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வந்து நின்றார்கள். அவர் மூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தார்கள். ஐயோ பாவம் என்ற ஒரு சொல் போதும் அவர்களுக்கு.

எம்.எல்.ஏ.வுக்கு அன்றைக்கு அது பதினாலாவது ஊர். தொண்டை கட்டியிருந்தது. மூட்டம் எரிந்த கதையைத் தவசி அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சாத்தையா கடைசி நேரத்தில் இழுத்தடித்துவிட்டான் என்று மட்டும் சொல்லியிருந்தார். மைக்கைப் பிடித்து எல்லா ஊரிலும் சொன்னதையே இங்கேயும் சொன்னார்.

"எம் பேர வாடகைக்கு எடுத்துக்கிட்டு ஒரு ஆளு நிக்கிறாரு. கூலிக்குப் பேர் வித்த ஆளு. ஏமாந்துறாதீக. ஒரிஜினல் சாத்தையா நான்தான்."

சாத்தையா கூட்டத்தின் ஓரத்தில்தான் நின்றார். எல்லோரும் அவரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்துபோனார்.

வேன் போனதும் பூவலிங்கம்தான் வாயைத் திறந்தார். "ஏப்பா, மச்சானுக்கு இந்தத் தையோட அம்பத்தியாறு முடிஞ்சிருச்சு. எம்.எல்.ஏ.வுக்கு வயசென்ன?"

"நோட்டீஸ்ல அம்பத்தி நாலுன்னு போட்டுருக்கு."

"அப்ப யாரு பேர யாரு வாடகைக்கு எடுத்தது?"

சிரிப்பு எழுந்தது. ஆனால் நல்ல சிரிப்பாக இல்லை. சாத்தையாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நிற்கச் சொன்னபோது நின்றார், விலகச் சொன்னபோது விலகப் போனார், ஒரு மூட்டத்தையும் கொடுத்தார். தன்னிடம் இருந்தது அப்பன் வைத்த பெயர் ஒன்று. அதையும் திருட்டுப் பொருள் என்று ஊர் நடுவில் மைக் வைத்துச் சொல்லிவிட்டார்கள். "அவுக என்னைய வையட்டும் இருளாயி, பேர வையலாமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அவள் களி உருண்டையை அவர் தட்டிலிருந்து எடுத்துச் சட்டியில் போட்டு மூடினாள்.

தேர்தலன்று மூலைக்கரைக்கு முதல் முதலாகச் சொந்தப் பூத். பள்ளிக்கூடத்து வாசலில் வாழை கட்டாத குறை. முந்நூற்று எண்பத்தெட்டு ஓட்டு. சாத்தையா உள்ளே போய் அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்றார். பெயர்கள் வரிசையாக இருந்தன. மூன்றாவது மு. சாத்தையா, ஒன்பதாவது மு. சாத்தையா, பக்கத்தில் இஸ்திரிப்பெட்டி. "என்ன பெரியவரே, தெரியலையா?" என்று உள்ளே இருந்த வாத்தியார் குரல் கொடுக்கும்வரை நின்றார். அப்புறம் பீங் என்று சத்தம் வந்தது.

எண்ணி முடித்தபோது எம்.எல்.ஏ. இருபத்தொன்பது ஓட்டில் தோற்றிருந்தார். மறுபடி எண்ணச் சொன்னார்கள். இருபத்தொன்பதுதான்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, சாத்தையாவும் பூவலிங்கமும் தீ வைத்திருந்த புது மூட்டத்துக்குச் சேறு பூசிக்கொண்டிருந்தபோது, ஆற்றுமணலில் ஓர் ஆள் தனியாக நடந்துவருவது தெரிந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கிட்ட வந்ததும் பார்த்தால் எம்.எல்.ஏ. அப்படி இனிக் கூப்பிடக் கூடாதுதான், ஆனால் பழக்கம்.

"வீடு வீடா வந்துக்கிட்டு இருக்கேன்" என்றார். "தோத்தா கும்புடணும்ல."

சாத்தையா உச்சியிலிருந்து இறங்கினார். இருளாயி நீராகாரம் கொண்டுவந்து கொடுத்தாள். எம்.எல்.ஏ. நின்றபடியே குடித்துவிட்டு, பனை மட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்து, பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். பூத் வாரியாக ஓட்டு விவரம்.

"சாத்தையாவுக்கு மொத்தம் ஆயிரத்து நானூத்திப் பதினெட்டு. இதுல ஆயிரத்து முந்நூத்திச் சொச்சம் போன தடவையே விழுந்தது. தப்பா விழுகுற ஓட்டு. அதக் கழிச்சிட்டுத்தான் நான் கணக்கே போட்டுருந்தேன்." விரலை ஒரு வரியில் வைத்தார். "இது மூலைக்கரை. நாப்பத்தியொண்ணு. இந்த ஊர்ல தப்பா விழ முடியாதுல்ல? ஒன்னையும் தெரியும், என்னையும் தெரியும். இது தெரிஞ்சு போட்டது."

பூவலிங்கம் சேற்றை ரொம்பக் கவனமாகக் குழைத்தார்.

"சித்தாங்குடிப் பெட்டியோட கலந்து கெடந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நானே எழுதி எழுதி வாங்கிக் குடுத்த பூத்து." எம்.எல்.ஏ. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "மூட்டம் எரிஞ்சது எனக்கு முந்தாநாதான் தெரியும். தவசி சொல்லல. சித்தாங்குடி டீக்கடையில சொன்னாக. ராகுகாலம் கழியட்டும்னு சொன்னது நான்தான், அதச் சொல்லத்தான் வந்தேன். மைக்குல பேசுனதும் நான்தான்."

"அதப் போயி விடுங்கய்யா" என்றார் சாத்தையா.

"நீங்க விடுங்க, நான் விட மாட்டேன்" என்றாள் இருளாயி புருஷனிடம். எம்.எல்.ஏ. பக்கம் திரும்பினாள். "நாப்பத்தியொண்ணுல ஒண்ணு நான் போட்டது. இதுக்கு முந்தி ஒரு தடவகூட இவுகளுக்கு நான் போட்டதில்ல. எழுத்துத் தெரியாதுதான், ஆனா இஸ்திரிப்பெட்டி தெரியும். அதுக்குள்ள கெடக்குறது எங்க கரிதான? எம் புருசனுக்கு நெசமா ஒரு ஓட்டாவது விழணும்னு போட்டேன். நீங்க தோக்கணும்னு போடல. மத்த நாப்பது பேரும் அப்படித்தான் போட்டுருப்பாக."

"நாந்தான் நாப்பதுல மொத ஆளு" என்றார் பூவலிங்கம் சேற்றைப் பார்த்துக்கொண்டே.

எம்.எல்.ஏ. வெகுநேரம் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு சாத்தையாவை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நாப்பத்தியொண்ணாவது ஆளு நீ."

சாத்தையா சேற்றுக்கையைப் பின்னால் கட்டினார். "இல்லைங்கய்யா."

"பெறகு?"

"எப்பவும் போல ஒங்களுக்குத்தான்." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். "கோவமாத்தான் உள்ள போனேன். மூணாவதுல ஒங்க பேரு, ஒம்பதாவதுல எம் பேரு. எம் பேரு கரிக்காட்டுலயே கெடக்கட்டும், அதுக்குப் பழக்கந்தான். ஒங்க பேராவது சட்டசபைக்குப் போகட்டுமேன்னு..."

"நாலு தடவையுமா?"

"நாலு தடவையும்."

இருளாயி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவளுக்குத் தெரியாத ரகசியம் ஒன்று இந்த மனுஷனிடம் இருந்திருக்கிறது, அதுவும் இப்படி ஒன்று. "அடப் பாவி மனுசா! ஊரே ஒனக்குப் போட்டுருக்கு, நீ எங்கிட்டுப் போயிப் போட்டுருக்க? நாப்பத்திரெண்டு வந்துருக்குமேய்யா!"

முதலில் பூவலிங்கம் சிரித்தார். அப்புறம் இருளாயியே சிரித்துவிட்டாள். எம்.எல்.ஏ.வும் சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுக்க ரொம்ப நேரமாயிற்று. சாத்தையா மட்டும் சிரிக்கவில்லை, கையிலிருந்த சேறு காய்ந்துகொண்டிருந்தது.

எம்.எல்.ஏ. எழுந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். இன்னும் ஒன்பது ஊர் பாக்கி. இந்த ஊரிலேயே எழுபது வீடு பாக்கி. நாலு எட்டு நடந்தவர் நின்று, பழைய தராசடிக் கண்ணால் மூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அண்ணே" என்றார்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று சாத்தையாவுக்கு விளங்கவில்லை. பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"ஒங்களத்தான் சாத்தையாண்ணே. மேக்க அடியில கீறல் விட்டுருக்கு பாருங்க. காத்து ஏறுறதுக்குள்ள அடைங்க."

சாத்தையா சேற்றை அள்ளிக்கொண்டு மேற்குப் பக்கம் போனார். கீறல் விரல் அகலம்தான் இருந்தது.